தங்கவயல் சுரங்க ஆஸ்பத்திரி: பதினாலு படங்கள்

சாம்பியன் ரீஃப்ஸ் பேரன்:

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவும்போது கிடைத்தவை. 2014 டிசம்பரில் கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) சுரங்க ஆஸ்பத்திரிக்குள் எடுத்தேன். சுரங்கத்தை மூடியது 2001 பிப்ரவரி 28. ஆஸ்பத்திரிக்கும் அதோடு மூச்சு நின்றது. நான் போனபோது மரத்தடியில் வாட்ச்மேன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "பேய் படம் எடுக்கவா?" என்றார். பெங்களூர்ப் பசங்க சனி, ஞாயிறில் அதற்குத்தான் வருவார்களாம். சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தாவின் டோக்கன் நம்பரைச் சொன்னேன். எந்த ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் குழி) என்று மட்டும் கேட்டார், உள்ளே விட்டுவிட்டார்.

முதல் ஆறு படமும் எல்லாரும் எடுப்பதுதான். வராண்டா, உடைந்த ஓடு, துருப்பிடித்த கட்டில், சுவரில் முளைத்த அரசங்கன்று. தாண்டிப் போய்விடுங்கள்.

ஏழாவதைப் பாருங்கள். ஜன்னலே இல்லாத சின்ன அறை, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கதவு. எக்ஸ்ரே கழுவுகிற இருட்டறை. தொட்டியின் அடியில் டீக்கறை மாதிரிப் பழுப்பு. சுவர் ஆணியில் ஃபிலிம் மாட்டும் கம்பிச் சட்டங்கள் நாலு, நேற்றுத்தான் மாட்டிவிட்டுப் போனதுபோல. புளித்த வாடை ஒன்று அடித்தது. பதிமூணு வருஷம் கழித்து எப்படி அடிக்கும் என்று கேட்காதீர்கள், எனக்கு அடித்தது.

நான் காமிராவோடு போனேன், ஆனால் அங்கே எனக்கு முன்னால் எத்தனை ஆயிரம் படம் எடுத்திருப்பார்கள்! எல்லாம் நெஞ்சுப் படம். நம் பாறையில் குவார்ட்ஸ். டிரில் போட்டால் கிளம்புகிற தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். 1940களில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் நூற்றுக்கு 43.7 பேருக்கு சிலிகோசிஸ், அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோய். வடாற்காட்டிலிருந்து பிழைக்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "லிட்டில் இங்கிலாந்து" என்று நம் ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் கிளப்பையும் பங்களாவையும் படம் போடுவார்கள், இதைப் போட மாட்டார்கள்.

தாத்தாவின் எக்ஸ்ரே ஒன்று எங்கள் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. 1995-ல் தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம். ஆயா கதவைச் சாத்தி எங்களை உள்ளே வைத்திருந்தாள். நானும் சித்தப்பா மகனும் அந்த ஃபிலிமை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினோம். (அப்படிப் பார்க்கக் கூடாது, கண்ணுக்குக் கெடுதல். அப்போது யார் சொன்னார்கள்?) கடித்த பிஸ்கட் மாதிரி சூரியன் தாத்தாவின் விலா எலும்புக்கு நடுவே தெரிந்தது. சுற்றிலும் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். அதையும் கிரகணத்தில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டேன்.

மாரிக்குப்பம் அக்கா:

தம்பி, பதினொண்ணாவது படத்துல பெரிய கேட்டு ஒண்ணு தெரியுதே, அதைப் பார்த்ததும் போனைக் கீழ வச்சிட்டேன். ராக் பர்ஸ்ட் ஆனா, அதான் சுரங்கத்துக்குள்ள பாறை வெடிச்சா, தொழிலாளர் லைன்ல இருக்கற வீடெல்லாம் ஆடும். அடுக்குல இருக்கற பாத்திரம் கலகலன்னு உருளும். அப்புறம் நேரங்கெட்ட நேரத்துல சங்கு ஊதும். அடுப்புல இருக்கறதை அப்படியே போட்டுட்டு எல்லாப் பொம்பளைங்களும் ஷாஃப்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமா ஓடுவாங்க. எனக்கு ஏழு வயசு, அம்மா இடுப்புல தம்பி. ஸ்ட்ரெச்சர்ல வர்றவங்க எல்லாரும் ஒரே சாம்பல் கலர், முகம் பிடிபடாது. அம்மா ஒவ்வொருத்தர் இடுப்பா குனிஞ்சு பார்த்துச்சு. நைனாவோட அரைஞாண் கயித்துல சிவப்பு நூல் சுத்தி அதுதான் கட்டிவிட்டிருந்தது. அன்னிக்கு அந்த நூல் எந்த ஸ்ட்ரெச்சர்லயும் வரல. நைனா சாயந்திரம் நடந்தே வீட்டுக்கு வந்துட்டாரு. அடுப்புல வச்ச சோறு கருகிப் போயிருந்தது, அதுக்கு அம்மாவைத் திட்டினாரு.

எங்க வீட்ல நாலு பேர் பொறந்ததும் அங்கதான். அதையும் சொல்லணும்ல.

ஸ்வர்ணா டிரெயின் சீசன் டிக்கெட்:

அண்ணா, நீங்க எடுத்த கட்டிலெல்லாம் நான் தேய்ச்சிருக்கேன். 2021 மே, கொரோனா ரெண்டாவது அலை. பெட் கிடைக்காம எல்லாரும் அலைஞ்ச நேரம். மூடிக் கிடந்த ஆஸ்பத்திரியைத் திறக்கப் போறாங்க, ஆள் வேணும்னாங்க. தினமும் பெங்களூர் போற எங்களுக்கு லாக்டவுன்ல வேற வேலை இல்ல, போயிட்டோம். முதல் நாள் பூரா வௌவால் எச்சமும் புதரும்தான். பழைய கட்டில்ல உப்புக் காகிதம் போட்டுத் தேய்ச்சா, மேல வெள்ளை, அடியில பச்சை, அதுக்கும் அடியில கறுப்பு. மூணு பெயிண்டு. நிறைய பேர் சேர்ந்து சுத்தம் பண்ணி, கோவிட் ஆஸ்பத்திரியா திறந்தாங்க.

எங்க பாட்டன் செத்த வார்டு எதுன்னு வீட்ல கேட்டுட்டுப் போயிருந்தேன். போய்ப் பார்த்தா எல்லா வார்டும் ஒரே மாதிரி. வடக்கால ரெண்டாவதுன்னு நானே முடிவு பண்ணி அதை மட்டும் ரெண்டு தடவை கழுவினேன்.

ஒரு கேள்வி. அந்த எக்ஸ்ரே இன்னும் இருக்கா? ஒரு படம் போடுங்களேன்.

சாம்பியன் ரீஃப்ஸ் பேரன்:

இருக்கிறது தம்பி, ஆனால் இல்லை. ஆயா போன பிறகு பெட்டியைத் திறந்தோம். மழை ஈரத்தில் ஃபிலிம் அவள் கல்யாணச் சேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சித்தி மெதுவாகத்தான் பிரித்தார், இருந்தும் நெஞ்சுப் பக்கம் முழுக்க உரிந்து சேலையோடு போய்விட்டது. என்னிடம் இருப்பது வெற்றுத் தகடு. ஓரத்தில் வெள்ளை மையில் எழுதிய டோக்கன் நம்பர் மட்டும் தெரிகிறது. வாட்ச்மேனிடம் நான் சொன்னது அதைப் பார்த்து மனப்பாடம் செய்ததுதான்.

சேலை சித்தியிடம் இருக்கிறது. துவைக்கவில்லையாம்.