இட்லிக் கொப்பரை புளியில் வெளுக்கிறது, சோடாவில் கறுக்கிறது. ஏன்?

செல்லூர் இட்லிக்கடை:
வணக்கம். வீட்டு வாசலிலேயே இட்லிக்கடை போட்டிருக்கிறேன். அலுமினியக் கொப்பரைதான். போர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுகிறோம். தண்ணீர் நிற்கிற மட்டம் வரை உள்ளே கறுத்துவிடுகிறது, அதற்கு மேலே பளிச்சென்று இருக்கிறது. புளி கரைத்துக் கொதிக்கவிட்டால் வெளுத்துவிடும். சோடா உப்பு போட்டால் இன்னும் கறுக்கிறது. கறை சோடாவுக்குத்தானே போகணும்? பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, சாக்கடை அடைப்புக்குப் போடும் காஸ்டிக் சோடாவை ஒரு கரண்டி போடச் சொல்கிறார். போடலாமா?

திருமங்கலம் வாத்தியார்:
காஸ்டிக்கை மட்டும் தொடாதேம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

அலுமினியம் சும்மா இருக்கிற உலோகமே இல்லை. காற்றுப் பட்டவுடன் மேலே ஆக்சைடு படலம் ஒன்று மூடிக்கொள்கிறது. சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனால் உலோகத்தைக் காப்பதே அதுதான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவேன்: அலுமினியத் துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் முதலில் ஒன்றுமே நடக்காது. படலம் கரைந்த பிறகு திடீரென்று நுரைத்துக் கிளம்பும், சோதனைக்குழாய் கையைச் சுடும்.

இந்த ஆக்சைடு ஈரியல்பு உடையது. அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பி.எச். என்கிற அமில-கார அளவு ஏறத்தாழ 4-லிருந்து 9 வரைக்கும் இருந்தால்தான் நிலையாக நிற்கும். நம் போர் தண்ணீரில் பைகார்பனேட் உண்டு. கொதிக்கும்போது கரியமில வாயு வெளியேறி, தண்ணீர் காரமாகிறது. நல்ல படலம் அரிபட்டு, அந்த இடத்தில் கரடுமுரடாக நீரேறிய ஆக்சைடு படிகிறது. அதுதான் உன் கறுப்பு. சோடா உப்பு காரத்தைக் கூட்டுவதால் இன்னும் கறுக்கிறது. புளியின் டார்டாரிக் அமிலம் அந்தப் படிவைக் கரைத்துவிடுகிறது. கறுப்பு அழுக்கு இல்லை, பயப்படாதே.

காஸ்டிக் போட்டால் படலத்தோடு நிற்காது, உலோகத்தையே தின்னும். சோடியம் அலுமினேட்டும் ஹைட்ரஜனும் வரும். 27 கிராம் அலுமினியம் கரைந்தால் சுமார் 36 லிட்டர் ஹைட்ரஜன். பக்கத்திலேயே அடுப்பு எரிகிறது! மேலே தெறித்தால் கண்ணே போய்விடும். அந்த அக்காவிடமும் சொல்லிவிடு.

மேலூர் விவசாயி:
சார், கலங்கிய கிணற்றுத் தண்ணீருக்கு நாங்கள் படிகாரம் போடுகிறோம். அதுவும் அலுமினியம்தானே?

திருமங்கலம் வாத்தியார்:
ஆமாங்க, பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட். கொப்பரையைக் கறுக்க வைக்கிற அதே பைகார்பனேட்தான் இங்கே உதவுகிறது. படிகாரம் அதோடு வினைபுரிந்து அலுமினியம் ஹைட்ராக்சைடாகப் பஞ்சு பஞ்சாகத் திரண்டு, மண்ணைச் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் உட்காரும். தெளிவதால் மட்டும் கிருமி சாகாது. குடிக்கவென்றால் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

செல்லூர் இட்லிக்கடை:
ரொம்ப நன்றிங்கய்யா. புளித்தண்ணீரை ராத்திரி முழுக்க ஊறவைக்கலாமா?

திருமங்கலம் வாத்தியார்:
வேண்டாம். கறுப்பு போனதும் கொட்டிக் கழுவிவிடு. ஊறினால் அமிலம் உலோகத்தையும் அரிக்கத் தொடங்கும். உப்புத் தண்ணீரைக் கொப்பரையிலேயே விட்டுவைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்து, குளோரைடு சின்னச் சின்னக் குழி போடும். அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார். குழி தட்டுப்பட்டால் விளக்கைப் பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்.