சொட்டுநீர் மானியம்: தண்ணீர் மிச்சமாகிறதா?

தருமபுரியான்:
சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். சொட்டுநீருக்கு அரசு இவ்வளவு மானியம் தருவது நிலத்தடி நீரைக் காப்பாற்றத்தான். எங்கள் மாவட்டத்தில் அது நடக்கவில்லை. எங்கள் ஊரில் ஆயிரம் அடிக்குக் கீழே போர் போடுகிறார்கள். ஒரு ஏக்கர் மஞ்சள் வைத்தவர், மிச்சமான தண்ணீரில் பக்கத்து மானாவாரியையும் தோட்டமாக்கிவிட்டார். ராகியும் துவரையும் விளைந்த நிலம் அது. தண்ணீர் பூமிக்குள் தங்கவில்லை, அடுத்த வயலுக்குப் போய்விட்டது.

பாலக்கோடு தக்காளி:
அண்ணா, எனக்கு இருப்பது ஒன்றே முக்கால் ஏக்கர். வாய்க்காலில் பாய்ச்சிய காலத்தில் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேரும் முன்பே போர் வற்றி, மோட்டார் காற்று வாங்கும். நிறுத்தி, ஊறவிட்டு மறுபடி போட வேண்டும். த்ரீ ஃபேஸ் கரண்ட் நடுராத்திரியில் வரும். மண்வெட்டியும் டார்ச்சுமாக என் மனைவி மடை மாற்றுவாள், பாம்புக்குப் பயந்துகொண்டே. இப்போது கேட்வால்வைத் திருப்பினால் போதும். மானியம் இல்லாமல் இதை நான் போட்டிருக்கவே முடியாது. பக்கத்து மானாவாரியைத் தோட்டமாக்கியவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தருமபுரியான்:
அவரைக் குற்றம் சொல்லவில்லை தம்பி. அவர் இடத்தில் நானும் அதையேதான் செய்வேன். ஆனால் அது வருமானத்துக்கு உதவி. நீர் சேமிப்பு என்று கணக்கெழுதக் கூடாது. 1990-லிருந்து பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்த 2003-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள், 2013-ல் அதையும் ரத்து செய்துவிட்டார்கள். பிறகு எடுப்பதற்கு எல்லை ஏது? மானியத்துக்காக என் தோட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் குழாயின் நீளத்தை அளந்தார்கள், படம் எடுத்தார்கள். கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கரட்டுக்காடு:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் மாமா தோட்டத்தில் செடி வரிசையில் போடும் லேட்டரல் குழாயெல்லாம் சுருட்டி வேப்பமரத்தடியில் கிடக்கிறது. உப்புத் தண்ணீர். தண்ணீர் சொட்டும் டிரிப்பர் வாயில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொண்டது. ஆசிட் விட்டுக் கழுவ வேண்டும் என்று போட்டவர்கள் சொல்லித் தரவே இல்லை. மானியம் நேராகக் குழாய் போடும் நிறுவனத்துக்குப் போகிறது, அப்புறம் யார் திரும்பி வருவார்கள்? அடுத்த மானியத்துக்கு 7 வருடம் காத்திருக்க வேண்டும். தொகையில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, இரண்டு வருடம் பராமரித்த பிறகு கொடுக்கட்டும்.

பாலக்கோடு தக்காளி:
இதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் ஃபில்டர் கழுவுவதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் காட்டிக் கொடுத்தார். ஆனால் எல்லை என்று பேச்சு வந்தாலே அடுத்து மீட்டர், அதற்கடுத்து பில். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் குண்டடிபட்டு இறந்த விவசாயிகளை நாங்கள் மறக்கவில்லை.

தருமபுரியான்:
பில் நானும் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து பஞ்சாயத்துச் சுவரில் எழுதட்டும். கயிறும் கல்லும் போதும். இரண்டாவது, ஏற்கெனவே பாசனம் உள்ள நிலத்துக்கு மட்டும் மானியம். புதிதாகத் தோட்டமாக்கும் மானாவாரிக்கு வேண்டாம்.

பாலக்கோடு தக்காளி:
கிணற்றை அளப்பது சரி அண்ணா, எங்கள் ஊரில் நானே அளக்கிறேன். இரண்டாவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். என் தங்கைக்குப் பங்காக வந்தது மானாவாரி நிலம்தான்.