ஹோபி 16-க்குக் கைவண்டி: கரெத்தா சோரோங் சக்கரம் போதுமா?

தஞ்சோங்_காற்று:
பினாங்கு பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பழைய ஹோபி 16 (இரட்டை உடல் பாய்மரப் படகு) ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். மரத்தடியிலிருந்து தண்ணீர் வரை தூக்கிப்போக ஆள் கூப்பிட்டுக் கூப்பிட்டு இப்போது நண்பர்கள் யாரும் போனையே எடுப்பதில்லை. கடற்கரைக்கென்றே வரும் பலூன் சக்கர செட் வெளிநாட்டில் பல நூறு டாலர், கப்பல் கூலி தனி. அதனால் ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை அச்சாகப் போட்டு, இரண்டு பக்கமும் கரெத்தா சோரோங் (கட்டுமான வேலையில் ஓடும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி) சக்கரம் மாட்டி, மேலே பாதியாக அறுத்த பிவிசி குழாயில் படகை உட்கார வைக்கலாம் என்று திட்டம். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "குப்பை" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.

பைப்_மாஸ்டர்:
செய்யுங்க தம்பி, யோசிக்கவே வேண்டாம். படகு 145 கிலோ. சக்கரத்துக்கு 75 கூட வராது. கட்டுமான வேலையில் ஈர சிமெண்டை அதைவிட அதிகமாக ஒற்றைச் சக்கரத்தில் தள்ளுகிறார்கள். பைப் ஆறு மீட்டர் நீளத்தில் வரும், படகின் அகலம் 2.41 மீட்டர்தான், ஒரு பைப்பில் இரண்டு அச்சே வெட்டலாம். இதற்குப் போய் டாலரா லா?

அலைமகன்:
அண்ணே, சக்கரம் தாங்காது என்று யாரும் சொல்லவில்லை, மணல் தாங்காது. டயருக்குள் என்ன அழுத்தமோ கிட்டத்தட்ட அதே அழுத்தத்தில்தான் அது தரையை அமுக்கும். கரெத்தா சோரோங் டயரில் 2 பார் காற்று என்றால் 75 கிலோவைத் தாங்க சுமார் 37 சதுர சென்டிமீட்டர் இடம்தான் தரையில் படும், தீப்பெட்டி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்த அளவு. பலூன் சக்கரத்தில் 0.2 பார்தான், அதே எடை பத்து மடங்கு இடத்தில் பரவும், மணலில் இறங்காது. சிமெண்ட் தள்ளுகிறவர் பலகை மேல் தள்ளுகிறார், அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள்.

பைப்_மாஸ்டர்:
காற்றை இறக்கிவிட்டால் ஆச்சு.

அலைமகன்:
இறக்கிப் பாருங்கள். ரிம்மும் டயரும் தனித்தனியாகச் சுற்றும், உள்ளே டியூப் நகர்ந்து வால்வை வேரோடு பிய்த்துக்கொண்டு போகும், கல்லில் ஏறினால் ரிம்மே டியூபைக் கடிக்கும். அரை பாருக்குக் கீழே ஓடுவதற்கென்று செய்த டயர் இல்லை அது.

பைப்_மாஸ்டர்:
சரி, பக்கத்துக்கு இரண்டு சக்கரம். பாரம் பாதியாகிவிடும். அதுவும் வேண்டாமென்றால் கொஞ்சம் யோசியுங்கள்: தண்ணீர் வற்றியிருக்கும்போது கீழே இருப்பது இறுகிய ஈர மணல், சைக்கிளே ஓட்டலாம். புதைவது மேலே இருக்கும் காய்ந்த பட்டையில் மட்டும். அங்கே இரண்டு பிளைவுட் பலகையை மாற்றி மாற்றிப் போட்டுத் தள்ளினால் முடிந்தது. அந்தக் கொஞ்ச தூரத்துக்காக ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொட்டச் சொல்கிறீர்கள்.

அலைமகன்:
அந்தக் கொஞ்ச தூரம்தான் சரிவு. பத்துக்கு ஒன்று ஏற்றம் என்றால் 150 கிலோவுக்குச் சரிவு மட்டுமே 15 கிலோ இழுக்கும், மணலில் புதைந்த சக்கரம் அதற்கு மேல் இரண்டு பங்கு கேட்கும். கடலில் இரண்டு மணி நேரம் போராடிவிட்டு வருகிறவர் பலகையையும் மாற்றிக்கொண்டு, படகையும் பிடித்துக்கொண்டு... தனி ஆளாக நடக்காது. நான்கு சக்கரம் வைத்தாலும் திருப்பும்போது மணலை உழும். பக்கத்து ஊர் தஞ்சோங் பூங்கா கடற்கரையில் தண்ணீர் இறங்கினால் சேறு வேறு வரும், அங்கே உங்கள் "சைக்கிள்" என்ன ஆகும்?

ஃபெரிங்கி_அக்கா:
இரண்டு பேரும் சக்கரத்திலேயே நிற்கிறீர்கள். படகு எதன் மேல் உட்காரும்? ஹோபி 16 அடிப்பகுதி கத்தி மாதிரி கூர். பாதி பிவிசி குழாயில் வைத்தால் மொத்தப் பாரமும் ஒரு கோட்டில் விழும், அந்தக் கோடு ஏற்கெனவே மணலில் இழுபட்டுத் தேய்ந்த இடமாகத்தான் இருக்கும். அகலமான நைலான் பட்டையைத் தொட்டில் போலக் கட்டுங்கள், பக்கச்சுவரும் பாரத்தைத் தாங்கும். கார்ப்பெட் ஒட்டாதீர்கள், மணல் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் ஆகிவிடும்.

தொட்டிலைச் சக்கரத்துக்கு எவ்வளவு ஒட்டி வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, உள்ளே தள்ளித் தள்ளி வைத்தால் அச்சு வளையும். அச்சு நிற்க வேண்டிய இடம் எடை சமன்படும் புள்ளிக்குக் கொஞ்சம் பின்னால், அப்போதுதான் மூக்கு லேசாகக் கையில் கனக்கும், பின்பக்கம் தரையில் இடிக்காது. ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்தால் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்துபோய் முதல் துரு அங்கேதான் பிடிக்கும், புகையும் நல்லதில்லை. துளையிட்டு போல்ட் போடுங்கள். பால் பேரிங் வைத்த சக்கரமா? கழற்றிவிட்டு சமையலறை பிளாஸ்டிக் வெட்டுப்பலகையில் வளையம் கடைந்து போடுங்கள், உப்புத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் ஞாயிறு காலை சுற்றினால் பழைய பைப், கிளாம்ப் கிடைக்கும்.

பாய்மரம் எட்டு மீட்டர் அலுமினியம். வண்டி வந்த உற்சாகத்தில் பாய்மரத்தோடு சாலை வரை தள்ளிக்கொண்டு போகாதீர்கள், மேலே கரண்ட் கம்பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தஞ்சோங்_காற்று:
அப்போ சட்டத்தை நானே செய்து, சக்கரத்தை மட்டும் வெளியிலிருந்து வாங்கலாமா?

அலைமகன்:
அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். பணத்தை மிச்சம் பிடிக்கும் இடம் சட்டம். சக்கரம் இல்லை.

பைப்_மாஸ்டர்:
வாங்குங்க, யார் தடுத்தார்கள். ஆனால் பலூன் சக்கரம் மிதக்கும் தம்பி. அலைக்குள் நின்று அதைப் படகுக்கு அடியில் அமுக்கிச் செருகிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்று என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை தண்ணீர் வற்றும் நேரத்துக்கு என் கரெத்தா சோரோங் சக்கரத்தைக் கொண்டு வருகிறேன், அலைமகன் தன் பலூனைக் கொண்டு வரட்டும், கயிற்றில் தராசைக் கட்டி இழுத்துப் பார்த்துவிடுவோம்.

அலைமகன்:
காய்ந்த மணலில் இழுப்பதென்றால் வருகிறேன். பலகை கிடையாது.