‘ஜஸ்டிசியபிள்’: தமிழில் என்ன சொல்வது?

காரைக்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நமது அரசமைப்புச் சொல்லடைவில் ‘ஜஸ்டிசியபிள்’ (ஒரு கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லத் தக்கது என்ற பொருள்) என்ற சொல்லுக்கு எதிரே இன்னும் வெற்றிடம்தான். இனியும் தள்ளிப்போட முடியாது. 2025 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் அனுப்பிய 14 கேள்விகளுக்குத் தந்த கருத்துரையின் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லைச் சுற்றியே வருகிறது.

அதன் சாரம் இது. அரசமைப்பின் உறுப்பு 200இன்கீழ் ஆளுநர் ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்ததோ, நிறுத்தியதோ, குடியரசுத் தலைவருக்கு அனுப்பியதோ சரியா தவறா என்று நீதிமன்றம் எடைபோடாது. ஆனால் எதுவுமே செய்யாமல், காரணமும் சொல்லாமல், காலவரையின்றி வைத்திருந்தால், ‘நியாயமான காலத்துக்குள் ஏதாவது ஒன்றைச் செய்க’ என்ற அளவுக்கு மட்டும் செயலுறுத்தும் நீதிப்பேராணை (கடமையைச் செய்யச் சொல்லும் ‘மாண்டமஸ்’) தரலாம். முதல் பாதி ‘ஜஸ்டிசியபிள்’ இல்லை, இரண்டாம் பாதி ஆம். ‘ஆளுநர் விவகாரத்தில் நீதிமன்றம் தலையிட முடியாது’ என்று ஒரே வரியில் எழுதினால் இரண்டாம் பாதி காணாமல் போகிறது. படிப்பவர், ஆளுநரை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் வந்த 2025 ஏப்ரல் 8 தீர்ப்பு ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார். அந்தத் தீர்ப்பு விதித்த ஒரு மாத, மூன்று மாதக் கெடுக்களும், 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கொண்ட முறையும் சட்டநிலையாக ஏற்கப்படவில்லை என்பது உண்மை. நீதிமன்றக் கதவு முழுவதும் மூடியது என்பது உண்மையல்ல.

இப்போது புழங்கும் தமிழ் மூன்று: ‘நீதிமன்ற விசாரணைக்கு உட்பட்ட’, ‘வழக்காடத்தக்க’, ‘நியாயத்திற்குரிய’. முதலாவது நீளம் மட்டுமல்ல, பிழையும்கூட. அந்த 14 கேள்விகளையும் நாள்கணக்கில் விசாரித்த பிறகுதானே சிலவற்றில் ‘நாங்கள் தீர்க்க மாட்டோம்’ என்றார்கள்? விசாரணை நடந்தது. நடக்காதது தீர்ப்பு. இரண்டாவது, வழக்குத் தொடுப்பவரின் செயலைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது நீதிபதியின் செயல். மூன்றாவதைச் சொன்னால், மற்றதெல்லாம் அநியாயம் என்றாகிவிடும்.

உங்கள் சொற்களை அனுப்புங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, சொல்லுக்கு முன்னால் இடத்தைக் குறித்துக்கொள்வோம். இந்தக் கேள்வி ஒரு வழக்கில் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பது தெரியாமல் சொல் ஆக்கினால், பக்கத்துச் சொல்லோடு முட்டிக்கொள்ளும்.

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒருவர் உறுப்பு 226இன்கீழ் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுப் போடுகிறார் என்று வையுங்கள். பதிவகம் முதலில் ஒரு எஸ்.ஆர். எண் (தற்காலிக வரவு எண்) மட்டும் கொடுக்கும். இந்த மனுவை எடுக்கவே முடியுமா என்று பதிவகத்துக்கு ஐயம் வந்தால், எண் போடாமல் அப்படியே நீதிபதி முன்னால் பட்டியலிடும். அதை நாங்கள் ‘மெயின்டெயினபிலிட்டிக்குப் போட்டிருக்கிறது’ என்போம். அது ஏற்புடைமை. அதைத் தாண்டினால்தான் எம்.டி. (மதுரை) குறியுடன் ரிட் எண் விழும். அடுத்து, மனுதாரருக்கு இதில் என்ன பாதிப்பு, ஏன் இவர் வந்தார்? அது வழக்குரிமை. மதுரையா சென்னையா, உயர் நீதிமன்றமா தீர்ப்பாயமா? அது அதிகார வரம்பு. இவ்வளவும் தாண்டி, சரியான மனுதாரர், சரியான நீதிமன்றத்தில், சரியான மனுவோடு நிற்கும்போதும் நீதிபதி ஒன்று கேட்பார்: ‘இந்தக் கேள்விக்கு விடை சொல்ல என் கையில் சட்ட அளவுகோல் இருக்கிறதா, அல்லது அரசமைப்பு இதை வேறொருவர் கையில் கொடுத்திருக்கிறதா?’ நம் சொல்லின் இடம் அதுதான். அதற்கும் பிறகு, என்ன பரிகாரம் தருவது என்பது தனி.

இந்தக் கட்டங்களைக் குழப்புவதால் வரும் கேடு பெரிது. உறுப்பு 212ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சட்டமன்ற நடவடிக்கையை ‘நடைமுறை ஒழுங்கீனம்’ என்ற காரணத்துக்காக எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. இதை ‘பேரவை விவகாரம், வழக்கே போட முடியாது’ என்று பலர் எழுதுகிறார்கள். ஒழுங்கீனம் வேறு, சட்டமீறல், அரசமைப்பு மீறல் வேறு. பின்னதை நீதிமன்றம் பார்க்கும் என்று 2007இல் ராஜா ராம் பால் வழக்கில் (நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டவர் தொடுத்தது) உச்ச நீதிமன்றத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மனு ஏற்கப்படும், வாதம் நடக்கும், சில கேள்விகளுக்கு விடை வரும், சிலவற்றுக்கு வராது.

என் பரிந்துரை ‘மன்றேறு’. ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பதில் உள்ள அதே ஏறுதல்தான். மன்றேறும் வினா, மன்றேறா வினா. சின்னச் சொல், பழைய வேர். நம் பக்கத்தில் ‘நாடு’ எனப்படும் ஊர்க்கூட்டங்களில் அம்பலம் என்பது கூடிப் பேசும் இடத்துக்கும் பெயர், தலைமை தாங்கும் ஆளுக்கும் பெயர், கேட்டவுடன் புரியும்.

கண்டனூரிலிருந்து:

தம்பி, கட்டங்களைப் பிரித்தது நன்றாயிருக்கிறது. ஆனால் உங்கள் சொல் உங்கள் பிரிவினையையே மீறுகிறது. ‘ஏறு’ என்றால் உள்ளே நுழைவது. மன்றேறா வினா என்றால் எஸ்.ஆர். எண்ணோடு நின்றுபோன மனு என்றுதான் படிப்பவர் எண்ணுவார். அது உங்கள் முதல் கட்டம், ஏற்புடைமை. இன்னொன்று, அந்தப் பழமொழியில் ஏறாதது ஆளின் எளிமையால். கேள்வியின் தன்மையால் அல்ல. சாதாரண மனிதர் சொல் எடுபடாது என்ற ஆற்றாமையை ஒரு சட்டக் கோட்பாட்டின் மேல் ஏற்றிவைக்கக் கூடாது.

முன்பே சிலர் ‘தீர்ப்படங்கும்’, ‘தீர்ப்படங்கா’ என்று எழுதிப் பார்த்திருக்கிறார்கள். ‘தீர்ப்புக்கு அடங்காதவர்’ என்றால் தமிழில் தீர்ப்பை மதிக்காதவர். ‘தீர்ப்படங்கா வினா’ என்பது நீதிமன்ற அவமதிப்பு போலல்லவா ஒலிக்கிறது? ‘தீர்ப்பெல்லை’யும் வேண்டாம். எல்லை என்றதும் எந்த ஊர் எந்த நீதிமன்றத்துக்கு என்ற நில எல்லைதான் மனத்தில் வரும்.

எந்தச் சொல்லை எடுத்தாலும் அது ‘வினா’ என்ற சொல்லோடுதான் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘வழக்கு’, ‘தகராறு’, ‘முடிவு’ இவற்றோடு சேரக் கூடாது. நமக்குப் பக்கத்தில் இருப்பதையே பாருங்கள். சிராவயலில் தை மாதம் மஞ்சுவிரட்டு. தொழுவிலிருந்து அவிழ்க்கும் மாடு ஒருபுறம், பொட்டலில் அவிழ்த்துவிடும் கட்டுமாடு ஒருபுறம். இதைத் தொட்ட சல்லிக்கட்டு வழக்கில் 2014 மே 7 அன்று இரு நீதிபதிகள் அமர்வு தடை விதித்தது. 2017 சனவரிப் போராட்டத்துக்குப் பிறகு மாநிலத் திருத்தச் சட்டம் வந்தது. அதை எதிர்த்த மனுக்களில் 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அந்த ஒரே வழக்குக்குள் இரண்டு வகை வினாக்கள். இந்தச் சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா? நீதிமன்றம் நேராக விடை சொன்னது: உண்டு, பொதுப்பட்டியலில் 17ஆம் பதிவு (விலங்குவதைத் தடுப்பு), குடியரசுத் தலைவர் ஒப்புதலும் இருக்கிறது. இந்த விளையாட்டு தமிழ்ப் பண்பாட்டின் பகுதியா? அதற்குச் சமய, பண்பாட்டு, சமூக ஆய்வு வேண்டும், அதை நீதிமன்றம் செய்ய முடியாது, சட்டமன்றம் ஒரு கருத்துக்கு வந்திருக்கிறது, அதைக் கலைக்க மாட்டோம் என்றது. 2014 தீர்ப்போ அந்த இரண்டாம் வினாவுக்கும் தானே விடை சொல்லியிருந்தது. ஆக, மனுவும் ஒன்று, மாடும் ஒன்று. வினாதான் மாறுகிறது. ‘சல்லிக்கட்டு ஜஸ்டிசியபிளா’ என்று கேட்பதே பொருளற்றது.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி சொன்னது சரி. ‘மன்றேறு’வை நான் திரும்பப் பெறுகிறேன்.

வினாவோடு சேர வேண்டும் என்பதற்கு வலுவான சான்று, கர்நாடக முதல்வராயிருந்த எஸ்.ஆர். பொம்மையின் ஆட்சிக் கலைப்பு வழக்கு. 1994 மார்ச் 11, ஒன்பது நீதிபதிகள். உறுப்பு 74(2)இன்படி அமைச்சரவை குடியரசுத் தலைவருக்கு என்ன அறிவுரை தந்தது என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. ஒன்றிய அரசு இதைக் கேடயமாக வைத்தது. நீதிமன்றம் அறிவுரையையும், அந்த அறிவுரைக்கு அடிப்படையான ஆவணங்களையும் பிரித்தது. அறிவுரை என்ன என்று கேட்க மாட்டோம். எந்த ஆவணத்தை வைத்து உறுப்பு 356ஐ (குடியரசுத் தலைவர் ஆட்சி) பயன்படுத்தினீர்கள், அது தொடர்புள்ள ஆவணமா என்று கேட்போம். பெரும்பான்மை யாருக்கு என்ற வினாவை நீதிமன்றமும் எண்ணவில்லை, ராஜ்பவனிலும் எண்ணக் கூடாது, பேரவையில் எண்ணுங்கள் என்றது. ‘இது அரசியல், எங்களுக்கு வேண்டாம்’ என்று ஒதுங்குவதற்கும், ‘இந்த வினாவுக்கு விடை சொல்லும் இடம் அது, போய்ச் சொல்லுங்கள்’ என்று ஆணையிடுவதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

பிரிட்டனிலும் 2019 செப்டம்பர் 24 தீர்ப்பில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் ஒருமனதாக இதைத்தான் செய்தார்கள். நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைக்கும் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பது சட்ட வினா. எனவே நாங்கள் விடை சொல்வோம் என்றார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2019இல் அதற்கு எதிர்த்திசை. கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதி எல்லை வரைவதில் ‘எவ்வளவு போனால் அதிகம்’ என்று அளக்க நீதிமன்றத்துக்கு அளவுகோல் இல்லை என்று 5க்கு 4 என்ற கணக்கில் ஒதுங்கினார்கள். அந்த அளவுகோலுக்கு ‘உரைகல்’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். தங்கம் இருக்கிறது, உரசிப் பார்க்கக் கல் இல்லை. அவர்கள் சொன்னது அதுதான்.

பள்ளத்தூரிலிருந்து:

உரைகல் அருமை. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தலைச்சொல்லுக்கு என் முன்மொழிவு ‘தீர்ப்புத்தகவு’. தீர்ப்புக்குத் தக்க தன்மை. நீதிபதியின் செயலைச் சொல்கிறது, விசாரணையைச் சொல்லவில்லை. ‘தக்கார் தகவிலர்’ குறள் நடுவுநிலைமை அதிகாரத்தில்தான் இருக்கிறது. பரிமேலழகர் அங்கே தகவு என்பதற்கு நடுவுநிலைமை என்றே உரை எழுதுகிறார். பொருத்தம், நடுவுநிலைமை என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைப்பது வேறெங்கும் வராது. எதிர்மறை: தீர்ப்புத்தகா வினா.

கண்டனூரிலிருந்து:

தகவு நல்ல சொல். ‘தகா’ ஆகாது. தகாத வார்த்தை, தகாத உறவு என்று நாளிதழ் படித்துப் பழகிய காதுக்குத் ‘தீர்ப்புத்தகா வினா’ ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டது போலிருக்கும். ஆளுநரை எதிர்த்து ஒரு மாநிலம் கேட்ட வினாவில் தகாதது எதுவுமில்லை. குறளிலேயே ‘தகவிலர்’ இருக்கிறதே, அந்த வழியில் ‘தீர்ப்புத்தகவிலா வினா’ என்று வையுங்கள்.

காரைக்குடியிலிருந்து:

எனக்கு ஒரு ஐயம் இருந்தது. கணிதத்திலும் இயற்பியலிலும் தகவு என்றால் விகிதம். ‘பாய்சான் தகவு’ என்று எழுதுகிறோம். சட்டத்தில் ‘ரேஷியோ’ என்ற சொல் வேறு பொருளில் தினமும் புழங்குகிறது, தீர்ப்பின் பிணைக்கும் காரணம் என்ற பொருளில். ‘தீர்ப்புத்தகவு’ என்றால் அந்த ரேஷியோ என்று யாராவது எடுத்துக்கொள்வார்களா? யோசித்துப் பார்த்ததில், அதற்குத் ‘தீர்ப்புக் காரணம்’ என்று முன்பே சொல்லடைவில் ஏற்றிவிட்டோம். எனவே தடையில்லை.

இலங்கை வாசகர்களுக்காக ஒரு குறிப்பு கட்டாயம் சேர்க்க வேண்டும். நாம் உச்ச நீதிமன்றம் என்பது அங்கே உயர் நீதிமன்றம். நாம் உயர் நீதிமன்றம் என்பது அங்கே மேல் நீதிமன்றம். நாடாளுமன்றக் கலைப்பு செல்லாது என்று 2018 டிசம்பர் 13 அன்று தீர்ப்பளித்தது அங்கே உள்ள உயர் நீதிமன்றம். நம் ஊரில் அதைப் படிப்பவர், மேலே இன்னொரு நீதிமன்றம் இருக்கிறது என்று தப்பாகக் கணக்குப் போடுவார்.

அடுத்தது ‘பொலிட்டிகல் கொஸ்டின்’, அதாவது விடை சொல்வது அரசின் பிற அங்கங்களின் பொறுப்பு என்று நீதிமன்றம் ஒதுங்கும் வினா. ‘அரசியல் வழக்கு’ என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். 1962இல் அமெரிக்காவின் பேக்கர் வழக்கில் நீதிபதி பிரென்னன், இந்தக் கோட்பாடு அரசியல் வினாக்களைப் பற்றியது, அரசியல் வழக்குகளைப் பற்றியது அல்ல என்று பிரித்தே சொல்லியிருக்கிறார். டென்னசி மாநிலம் 1901க்குப் பிறகு தொகுதிகளை மறுபகிர்வு செய்யவே இல்லை. முழுக்க அரசியல் சூடுள்ள வழக்கு. ஆனாலும் விசாரிக்கலாம் என்றார்கள். ‘அரசியல்தீர்வு வினா’ என்று ஒரு யோசனை வந்தது. ‘அரசியல் தீர்வு’ என்றால் ஈழச் சிக்கலைத் தவிர வேறெதுவும் தமிழ் வாசகர் மனத்தில் வராது, விட்டுவிடுவோம். ‘அரசியல் வினா’ என்றே வைத்து, விளக்கத்தில் பொருளைக் கட்டுவோம்.

பதிவின் வரைவு:

தீர்ப்புத்தகவு: ஒரு வினாவுக்குச் சட்ட உரைகல் கொண்டு நீதிமன்றம் விடை சொல்ல இயலும் தன்மை. ஏற்புடைமை, வழக்குரிமை, அதிகார வரம்பு, பரிகாரம் ஆகியவற்றிலிருந்து வேறானது. எதிர்மறை: தீர்ப்புத்தகவிலா வினா. எடுத்துக்காட்டு: ‘மசோதா மீது ஆளுநர் எடுத்த முடிவு தீர்ப்புத்தகவு அற்றது, அவரது காரணமற்ற நீண்ட செயலின்மை தீர்ப்புத்தகவு உடையது.’

கண்டனூரிலிருந்து:

எடுத்துக்காட்டைத் திருத்துங்கள் தம்பி. முடிவோடும் செயலின்மையோடும் சொல்லை ஒட்டவிட்டிருக்கிறீர்கள். ‘மசோதா மீது ஆளுநர் எடுத்த முடிவு சரியா என்ற வினாவுக்குத் தீர்ப்புத்தகவு இல்லை, காரணம் சொல்லாமல் காலவரையின்றி முடிவெடுக்காமல் இருக்கலாமா என்ற வினாவுக்கு உண்டு.’ ஐந்து சொல் கூடுதல்தான். இருக்கட்டும்.