ஏல விருந்துக்குப் படம் மாட்டியவர்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

எழும்பூர் பழைய மாணவன்:

எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்த பலருக்கும் இந்த வேலை ஒருமுறையாவது வந்திருக்கும். சிகிச்சைக்கோ பள்ளிக்கூடக் கட்டடத்துக்கோ நிதி திரட்ட ஒரு டிரஸ்ட் நட்சத்திர ஹோட்டலில் விருந்து வைத்து, கூடவே ஓவிய ஏலமும் நடத்தும். படங்கள் அத்தனையும் நன்கொடை. மாட்ட ஆள் வேண்டும். "நம்ம தம்பிதானே" என்று கூப்பிடுவார்கள். சம்பளப் பேச்சு வராது, சாப்பாடு உண்டு.

முதல் தலைவலி சுவர். பால்ரூமில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், டேப் ஒட்டினாலும் சண்டைக்கு வருவார்கள். அதனால் பந்தல்காரர் பிளைவுட் பேனல் கொண்டுவந்து கறுப்புத் துணி சுற்றி நிறுத்துவார். அவர் வழக்கமாக அதில் கட்டுவது ஃபிளெக்ஸ் பேனர். கண்ணாடி போட்ட படம் என்ன கனம் கனக்கும் என்று நாம் சொன்னால்தான் தெரியும். போனதும் பேனலைக் கையால் தள்ளிப் பார்ப்பேன். ஆடினால் பின்னால் முட்டுக்கட்டையும் மணல் மூட்டையும் கேட்பேன். "யாரும் இடிக்க மாட்டாங்க சார்" என்பார்கள். கையில் தட்டோடு பேசிக்கொண்டே பின்னால் நகர்கிற கூட்டம் இடிக்காமல் வேறு யார் இடிப்பது?

அடுத்தது நேரம். மாலை ஏழு மணிக்கு நிகழ்ச்சி என்றால், மதியம் வரை அதே ஹாலில் ஏதாவது கம்பெனி மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும். அது முடிந்ததும் பூக்காரர், சவுண்டு செட்காரர், லைட்காரர், நாங்கள் என எல்லோரும் ஒரே சர்வீஸ் லிஃப்டுக்கு வரிசை கட்டுவோம். அப்படி ஒரு நாள், பிரிக்காமல் சாய்த்து வைத்திருந்த கேன்வாஸ்களுக்குப் பக்கத்திலேயே பூக்காரர் தண்ணீர் வாளிகளை இறக்கிவிட்டார். கார்ப்பெட் நனைய ஆரம்பித்தது. "அண்ணே, தண்ணி பட்டா படம் போச்சு" என்றேன். "இது என்ன விலைக்குப் போகும்?" என்றார். ஏலத்தில் கேட்கும் ஆரம்ப விலையே எண்பதாயிரம் என்றதும், "நாலு கோடு போட்டதுக்கா?" என்று சிரித்தார். ஆனால் அடுத்த நிமிடம் தன் பிளாஸ்டிக் ஷீட்டையே எடுத்து வந்து கீழே விரித்தார். அன்று மாலை வரை அந்தப் பக்கம் யாரையும் அவர் அண்டவிடவில்லை. படங்களைப் பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பெடுத்த கமிட்டிக்காரர்களை அதுவரை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்பது கேலரி வழக்கம். அது நின்று பார்ப்பவர்களுக்கு. முன்னால் வட்ட மேசையும் பூச்சாடியும் வந்துவிட்டால் படத்தின் கீழ்ப்பாதி தெரியாது, அங்கே கொஞ்சம் ஏற்றித்தான் மாட்ட வேண்டும். ரசமட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. கார்ப்பெட்டின் மேல் நிற்கும் பேனலே சாய்ந்திருந்தால், மட்டம் பார்த்து மாட்டிய படம்தான் கோணலாகத் தெரியும். நான் பேனலின் மேல் விளிம்பைப் பார்த்துத்தான் சரி செய்வேன். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், கனத்தில் இழுபட்டு இறங்கிவிடும். கம்பி போட்டு, கொக்கி இரண்டாக அடியுங்கள்.

ஆயில் படங்களில் இன்னொரு தொல்லை. நன்கொடைதானே என்று சிலர் கடைசி வாரத்தில் வரைந்து அனுப்புவார்கள். மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே ஈரம். அதை பபிள் ரேப்பில் சுற்றினால் குமிழ்கள் எல்லாம் வரிசையாகப் படத்தில் பதிந்துவிடும். வானத்தில் புள்ளி புள்ளியாக ஒரு நிலக்காட்சியைப் பிரித்தபோது, புதுப் பாணியோ என்று ஒரு கணம் நானே குழம்பினேன்.

லைட்காரரோடு எனக்கு எப்போதும் வாக்குவாதம்தான். அவர் ஊதாவும் நீலமும் போட்டு ஹாலை மினுக்குவார், பச்சை எல்லாம் கறுப்பாகிவிடும். படங்களுக்கு மட்டும் வார்ம் ஒயிட் (லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை வெளிச்சம்), அதுவும் மேலிருந்து 30 டிகிரி சாய்வில் என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்க வேண்டும்.

டிரஸ்ட் தன்னார்வலர்:

நான் கமிட்டிப் பக்கத்து ஆள். நாங்களும் கண்ணில் படாமல் ஏதோ ஒரு மூலையில் ஓடிக்கொண்டுதான் இருப்போம் சார்!

எங்களுக்கு ஒரு வீட்டிலிருந்து நன்கொடையாக வெண்கலச் சிலை வந்தது. "பாட்டி காலத்துது, நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். வக்கீலாக இருக்கும் ஓர் அக்காதான் நிறுத்தினார். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் தாண்டிய சிலை தொல்பொருள். அதைப் பதிவு செய்திருக்க வேண்டும், உரிமம் இல்லாமல் யாரும் அந்த வியாபாரத்தில் இறங்க முடியாது. மைக்கில் கூவி ஏலம் விட்டிருந்தால் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு நாங்களே அழைப்பிதழ் வைத்தது போல ஆகியிருக்கும். அந்த வீட்டம்மாவிடம் பேசுவதுதான் கஷ்டம். "நான் என்ன திருட்டுச் சிலையா குடுத்தேன்?" என்று கோபப்பட்டார். அக்காவே நேரில் போய்க் காபி குடித்து, விளக்கி, பதிவு செய்யும் வழியையும் சொல்லிக்கொடுத்து, சிலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது பொருள் வாங்கும்போதே வயதைக் கேட்டு எழுதிக்கொள்கிறோம். கூடவே நாலு பக்கமும் போட்டோ எடுத்து, கீறல் இருந்தால் குறித்து, கொடுப்பவர் கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம்.

தஞ்சாவூர் ஓவியர்:

தம்பி கனத்தைப் பற்றிச் சொன்னது சரி. எங்கள் படத்துக்குப் பலகை, அதன் மேல் துணி, புடைப்பு வேலைக்கான மக்குப் பசை, கல், தங்க ரேக்கு, அப்புறம் கண்ணாடி, தேக்கு ஃபிரேம். இரண்டு பேர் அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டிய படத்தை, ஒரே பையன் மேல் சட்டத்தைப் பிடித்துத் தொங்கவிட்டுக் கொண்டுபோனதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியிருக்கிறது.

ஒரு விருந்துக்கு வெண்ணெய்த் தாழி கிருஷ்ணன் கொடுத்திருந்தேன். போய்ப் பார்த்தால் பார் கவுன்டருக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார்கள். "அங்கதான் சார் லைட்டு நல்லா இருக்கு" என்றார் ஏற்பாட்டாளர். அவர் சொன்னதும் பொய்யில்லை, ரேக்கு தகதகவென்று மின்னியது. ஆனால் பூஜை அறைக்கு வாங்கப் போகிறவர் அந்த இடத்தில் நின்று எப்படிக் கை தூக்குவார்? வாசல் பக்கம், குத்துவிளக்குக்கு அருகே மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். போட்டி போட்டுக் கேட்டார்கள்.

வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பல இளம் ஓவியர்களுக்குத் தெரியவில்லை. நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கும் வருமான வரிச் சலுகை, 80ஜி என்பார்களே, அது பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான். படமாகக் கொடுத்தால் நமக்கு ஒன்றும் கிடையாது. பலகையும் ரேக்கும் கூலியும் நம் கைக்காசு.

எழும்பூர் பழைய மாணவன்:

ஐயா சொன்னதுதான் என் மனக்குறையும். எண்பதாயிரத்துக்குக் கேலரியில் போகிற படம், கூட்டம் சாப்பாட்டுக்கு எழுந்த நேரத்தில் பதினைந்தாயிரத்துக்கு அடிபட்டுப் போவதை நின்று பார்த்திருக்கிறேன். வாங்கியவர் பிறகு அதைத்தான் அந்த ஓவியரின் விலை என்று நாலு பேரிடம் சொல்வார். நன்கொடை கொடுத்தவருக்கு அது நேரடி நஷ்டம். அதனால் நான் இப்போது மாட்ட ஒப்புக்கொள்ளும் முன்பே இரண்டு கேட்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் ஓவியர் சொல்லும் குறைந்தபட்ச விலை எழுத்தில் இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் படம் அவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். விற்ற பணத்தில் ஒரு பங்கு ஓவியருக்கு என்றால் இன்னும் நல்லது. சில டிரஸ்ட்டுகள் பாதிக்குப் பாதி கொடுக்கின்றன, அவர்களுக்கு நல்ல படங்களும் வருகின்றன.

திரும்பும் படங்களை யார் இறக்கிக் கட்டுவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு ஹாலைக் காலி செய்யச் சொல்லும்போது கூட ஒரு கை இருக்காது.