ஃபெரிட்டின் மட்டும் போதுமா? அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவர்களின் அனுபவங்கள்

அகிலா, சேலம்

தலசீமியா மேஜர் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிறவியிலேயே போதுமான ஹீமோகுளோபின் உற்பத்தியாகாத நோய் இது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரத்தம், அந்த இரத்தத்தோடு உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தினமும் வெறும் வயிற்றில் டெஃபெராசிராக்ஸ் மாத்திரை, எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை. மகளுக்குப் பதின்மூன்று வயது. ஃபெரிட்டின் 1300, 1400 என்றே வந்துகொண்டிருந்தது. வார்டில் மற்றப் பிள்ளைகளின் 4000, 5000 எல்லாம் காதில் விழும். நமக்குப் பரவாயில்லை என்று ஆறுதலோடு வீடு திரும்புவோம்.

மருத்துவர் மாறினார். புதிதாக வந்தவர் கோப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டிவிட்டு, “இதயத்துக்கு டி2 ஸ்டார் எம்.ஆர்.ஐ. எப்போது எடுத்தீர்கள்?” என்று கேட்டார். இதயத் தசையில் இரும்பு படிந்திருக்கிறதா என்று காட்டும் ஸ்கேன் அது. எடுத்ததே இல்லை. யாரும் எழுதிக்கொடுத்ததும் இல்லை.

அறிக்கையை வாயால் சொல்லியிருந்தால் இவ்வளவு மனதில் பதிந்திருக்காது. அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிவிட்டார். இதயத்தின் ஒரே குறுக்குவெட்டு, வரிசையாகப் பல படங்கள், சில மில்லி விநாடி இடைவெளியில் எடுத்தவை. இரும்பு படியாத தசை கடைசிப் படம் வரை சாம்பல் நிறத்தில் தெரியுமாம். படிந்த தசை சீக்கிரமே கறுத்துவிடும். என் மகளின் இதயச் சுவர் மூன்றாவது படத்திலேயே மங்கத் தொடங்கியது. அதற்கடுத்த படங்களில் வளையம் முழுவதும் கறுப்பு. அளவு 11 மில்லி விநாடி. 20க்கு மேல் இருக்க வேண்டும், 10க்குக் கீழே இறங்கினால் இதயம் செயலிழக்கும் அபாயம் மிக அதிகம். இத்தனைக்கும் கல்லீரலில் இரும்பு குறைவாகத்தான் இருந்தது.

“எக்கோ ஸ்கேனில் இதயம் நன்றாக இருந்ததே டாக்டர்” என்றேன். “இதயம் தளர்ந்த பிறகுதான் எக்கோ காட்டும், அதற்கு முன்பே இது காட்டிவிடும்” என்றார். டெஃபெரிப்ரோன் என்ற இன்னோர் இரும்பு நீக்கும் மருந்தையும் சேர்த்துத் தொடங்கியிருக்கிறோம். உங்களில் யாருக்காவது கேட்காமலே இந்த ஸ்கேனை எழுதிக்கொடுத்தார்களா?

ஆய்வகப் பணியாளர், திருச்சி

அம்மா, உங்கள் பதிவைப் படித்த பிறகு ஒருவருடைய முகம் நினைவுக்கு வந்துவிட்டது. எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு தந்தை வருவார். மகனுடைய அறிக்கைகளைத் தேதி வாரியாகத் துளையிட்டுக் கட்டி வைத்திருப்பார். ஒரு நாள் அந்தக் கட்டை அப்படியே மேசையில் விரித்து, “இரண்டு வருடமாக எல்லாத் தாளிலும் ஒரே எண்தான் இருக்கிறது, என் பையனுக்கு ஏறுகிறதா இறங்குகிறதா?” என்று கேட்டார். பார்த்தேன். வேறொரு இடத்து அறிக்கைகள். எல்லாவற்றிலும் ‘2000க்கு மேல்’.

ஃபெரிட்டின் அளக்கும் இயந்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டிப் பெருக்கிச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் 2100ம் ‘2000க்கு மேல்’தான், 9000மும் ‘2000க்கு மேல்’தான். மாத்திரை வேலை செய்கிறதா என்று மருத்துவர் எதை வைத்து முடிவு செய்வார்? அன்றைய மாதிரியை நீர்க்கச் செய்து ஓட்டினோம். 7000ஐத் தாண்டியது. அவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

எல்லோருக்கும் சொல்கிறேன்: அறிக்கையில் ‘மேல்’ என்று இருந்தால் சரியான எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கூடியவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள், முறைக்கு முறை எண் மாறும். காய்ச்சல், சளி, கல்லீரல் அழற்சி இருக்கும் நேரத்தில் எடுக்காதீர்கள். அப்போது இரும்பு கூடாமலே ஃபெரிட்டின் எகிறும். ஃபெரிட்டினை ஒதுக்கிவிடவும் வேண்டாம், ஒற்றை எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம். ஒரு வருடத்து எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பாருங்கள்.

செந்தில், மதுரை

கேட்டு வாங்குங்கள் என்கிறீர்கள் ஐயா. கேட்க வேண்டும் என்பது தெரிந்தால்தானே கேட்பது? ஃபெரிட்டின் என்ற சொல்லே எங்கள் காதில் விழவில்லை.

அப்பாவுக்கு 72 வயது. எம்.டி.எஸ்., அதாவது மஜ்ஜை சரியாக இரத்தம் உற்பத்தி செய்யாத நோய். ஹீமோகுளோபின் ஏழுக்கு இறங்கும், இரண்டு யூனிட் ஏற்றுவோம், தெம்பாக வீட்டுக்கு வருவார். அந்தத் தெம்பைத்தான் பார்த்தோம். பிறகு சர்க்கரை திடீரென்று கூடியது, தோல் ஒரு மாதிரி கருமை தட்டியது. வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

வேறொரு மருத்துவமனையில், இதுவரை எத்தனை யூனிட் ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டார்கள். எந்த டிஸ்சார்ஜ் தாளிலும் கூட்டுத்தொகை கிடையாது. அம்மா பையிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்தார். ஒவ்வொரு முறையும் இரத்தப் பையில் இருந்த எண்ணையும் தேதியையும் எழுதி வைத்திருக்கிறார், ஏதாவது ஒவ்வாமை வந்தால் எந்தப் பை என்று சொல்ல வேண்டுமே என்று. மருத்துவர் பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். ஐம்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார். “ஒரு யூனிட்டில் 200 முதல் 250 மில்லி கிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லி கிராமுக்கு மேல் வெளியேற்றாது. ஆக இந்த டைரியில் குறைந்தது பத்து கிராம் இருக்கிறது. நம் உடம்பில் மொத்தமாகவே மூன்று நான்கு கிராம்தான் இருக்கும்” என்றார். பத்து, இருபது முறை ஏற்றியதும், அல்லது ஃபெரிட்டின் 1000ஐத் தாண்டியதும் இரும்பை இறக்கும் மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்க வேண்டுமாம்.

இப்போது மாத்திரை கொடுக்கிறோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஏறியதால் மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள். மாதாமாதம் சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனை. பெரியவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் உறவினர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டேன்.

தீபன், தலசீமியா மேஜர், 29 வயது

அகிலா அக்கா, கேட்காமல் யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. எனக்கும் பத்தொன்பதாவது வயதில்தான் முதல் ஸ்கேன். ஆனால் இங்கே எல்லோரும் இதயத்தையும் கல்லீரலையும் மட்டும் பேசுகிறீர்கள். மற்ற உறுப்புகளை யார் பார்ப்பது?

நான் டெஸ்ஃபெரால் என்ற இரும்பு நீக்கும் ஊசியின் காலத்துப் பையன். இரவு முழுவதும் வயிற்றில் ஊசி, தலைமாட்டில் பம்ப், காலையில் குத்திய இடமெல்லாம் தடிப்பு. அதை விட்டுவிடலாம், என்னைப் போன்றவர்கள் எல்லோரும் பட்டதுதான். நான் சொல்ல வந்தது வேறு. கல்லூரிக் காலத்தில் கை கால் மரத்துப்போகும், விரல்கள் இழுத்துக்கொள்ளும். சோர்வு, பதற்றம் என்றார்கள். ஒரு நாள் இரத்தம் ஏற்றுவதற்கு முன் செவிலியர் அக்கா இரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். பட்டையை இறுக்கிய கொஞ்ச நேரத்தில் என் மணிக்கட்டு மடங்கியது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விட்டது. மற்ற விரல்கள் நேராக விறைத்துக் குவிந்து நின்றன. நீட்டப் பார்க்கிறேன், முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பையன் சிரித்துவிட்டான், நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்து. பயிற்சி மருத்துவர் ஒருவர் மட்டும் வேகமாக வந்து பட்டையைத் தளர்த்தாமல் அப்படியே கையைப் பார்த்தார். “இவருக்குக் கால்சியம் எடுங்கள்” என்றார். மிகவும் குறைந்திருந்தது. கழுத்தில் இருந்துகொண்டு கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகளில் இரும்பு படிந்து அவை வேலையை நிறுத்தியிருந்தன. அந்த ஆண்டு என் ஃபெரிட்டின் யாரையும் பயமுறுத்தும் எண் அல்ல.

அந்தப் பயிற்சி மருத்துவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால்? இதுதான் என்னை இன்றும் அரிக்கிறது. பத்து வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை சர்க்கரை, தைராய்டு, கால்சியம். ஆறு மாதத்துக்கொரு முறை உயரம், உட்கார்ந்த நிலை உயரமும் சேர்த்து. பருவம் அடைவது தள்ளிப்போகிறதா என்ற கவனிப்பு. எலும்பு அடர்த்தி. மருந்து எடுப்பவர்களுக்குக் கண்ணும் காதும். இதெல்லாம் இரும்புக் கண்காணிப்புதான்.

கோமதி, கோவை

என் அண்ணன் பேரனுக்கும் இதே நோய். அவனுக்கு இரத்தம் ஏற்றும்போது கூடவே உட்கார்ந்திருப்பேன், அந்தப் பை மெதுவாகச் சுருங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் எல்லோரும் மருந்தையும் ஸ்கேனையும் சொல்கிறீர்கள், சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இரும்புச் சட்டியில், இரும்புத் தோசைக்கல்லில் சமைப்பதை முதலில் நிறுத்துங்கள். முருங்கைக்கீரை, பேரீச்சை, வெல்லம், கேழ்வரகு, ஈரல் எதுவும் கூடாது. சாப்பிட்டவுடன் பால் சேர்க்காத தேநீர் கொடுங்கள், அது இரும்பை உறிஞ்சவிடாது. உடம்பு தேற நெல்லிக்காய்ச் சாறு காலையில் ஒரு டம்ளர், அதில் இல்லாத சத்து இல்லை. மாதுளையும் நல்லது. சத்து மாத்திரை வாங்கும்போது இரும்பு சேர்ந்ததா என்று அட்டையைப் படித்துப் பாருங்கள், சளி இருமலுக்குக் கொடுக்கும் டானிக்கையும்தான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பிள்ளை வெளுத்திருக்கிறான் என்று சொல்லி அவர்களே இரும்புச் சத்து டானிக் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். கவனமாக இருங்கள்.

தீபன், தலசீமியா மேஜர், 29 வயது

அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. டானிக் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, தேநீரிலும் கொஞ்சம் பயன் உண்டு. ஆனால் நெல்லிக்காய்ச் சாறு டம்ளர் கணக்கில் கொடுப்பதை நான் கண்டிப்பாக மறுக்கிறேன். இரும்பு மிகுந்த உடம்பில் வைட்டமின் சி அளவுக்கு மீறிப் போனால், சேமிப்பில் அடங்கியிருக்கும் இரும்பைக் கிளப்பி இதயத்தைப் பாதிக்கும். டெஸ்ஃபெரால் போடுபவர்களுக்கு மருத்துவரே சிறிய அளவில் வைட்டமின் சி எழுதுவார், அதுவும் ஊசி ஓடும் நாளில் மட்டும். வீட்டில் நாமாகக் கொடுக்கும் பொருள் அல்ல அது.

சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளில் எடுப்பது சில மில்லி கிராம். ஒரே ஒரு யூனிட் இரத்தத்தில் வருவது 200க்கு மேல். முறையாக இரத்தம் ஏற்றி ஹீமோகுளோபினை நன்றாக வைத்திருந்தால் குடல் உறிஞ்சுவதும் குறைந்துவிடும். ஈரலைத் தவிர்க்கட்டும். கீரையையும் கேழ்வரகையும் பிடுங்கிவிட்டால் வளரும் பிள்ளை எதைத்தான் சாப்பிடும்? என் சிறுவயதில் வீட்டில் எல்லோரும் பேரீச்சம்பழம் சாப்பிட, எனக்கு மட்டும் கிடையாது. அந்தப் பழத்தை மறைத்து வைத்த வேகத்தில் பாதியை மாத்திரை நேரத்துக்குக் காட்டியிருந்தாலே எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நிலானி, பதுளை

அகிலா அக்கா, நீங்கள் டெஃபெரிப்ரோன் தொடங்கியதாக எழுதியதால் மட்டுமே இதை எழுதுகிறேன். இங்கே என் தங்கைக்கும் இதயத்தில் இரும்பு என்று அந்த மருந்தைக் கொடுத்தார்கள். சிறுநீர் செம்மண் நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்றார்கள், அப்படியே போனது. முழங்கால் வலித்தது, அதையும் முன்பே சொல்லியிருந்தார்கள்.

ஒரு மாலை காய்ச்சல், தொண்டை நோவு. பருவ மழைக் காலம், வீட்டில் எல்லோருக்கும்தான் தடிமன். அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். கிளினிக்கில் தாதி ஒருவர் மருந்துப் போத்தலின் மூடியில் சிவப்புப் பேனாவால் ‘காய்ச்சல் – நிறுத்து – வா’ என்று எழுதி ஒட்டியிருந்தார். இரவு மாத்திரைக்காகத் தங்கை போத்தலைத் திறக்கப் போனபோது அதைப் பார்த்தோம். மழையோடு முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். குருதி எடுத்துப் பார்த்ததில், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான நியூட்ரோஃபில் 300. இந்த அணுக்கள் 1500க்குக் கீழே வந்தாலே மருந்தை நிறுத்த வேண்டும், 500க்குக் கீழே வந்தால் உயிர் ஆபத்து. தனி அறையில் வைத்து நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். மீண்டுவிட்டாள். இப்போது திரும்பவும் ஊசி மருந்தில்தான் இருக்கிறாள்.

மருந்தைக் கண்டு பயப்படாதீர்கள். இதயத்தில் இருக்கும் இரும்புக்கு அது நல்ல மருந்து, எத்தனையோ பேர் ஒரு குறையும் இல்லாமல் எடுக்கிறார்கள். வாராவாரம் அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொன்னார்களா? மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கு இது தெரியுமா? பள்ளியில் காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் கொடுத்து வகுப்பிலேயே இருக்க வைப்பார்கள், அதனால் கேட்கிறேன்.

அகிலா, சேலம்

நிலானி, வாராவாரம் எடுக்கச் சொன்னார்கள், எடுக்கிறோம். பள்ளியில் சொல்லவில்லை. நாளைக் காலை வகுப்பாசிரியையைப் பார்க்கப் போகிறேன். ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த மூடியில் இருந்த மூன்று சொற்களையே எழுதுகிறேன். தீபன் தம்பி, கால்சியம் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது, அடுத்த இரத்தத்தோடு சேர்த்து எடுக்கச் சொல்கிறேன். உட்கார்ந்த நிலை உயரத்தை எப்படி அளக்கிறார்கள், வீட்டில் அளக்க முடியுமா?