கடவுச்சொல் சரி, ஆனாலும் மின்னஞ்சலுக்குள் விடமாட்டேன் என்கிறது. வழி உண்டா?

பழையபூட்டு:
வணக்கம் நண்பர்களே. புது போனில் என் மின்னஞ்சல் கணக்கைச் சேர்க்கப் பார்த்தேன். கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்கிறது. அடுத்த பக்கத்தில் 'இது நீங்கள்தானா என்று பார்க்க வேண்டும்' என்று சொல்லி, பழைய கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறது. அந்த எண் இப்போது என்னிடம் இல்லை. மாற்று முகவரியாகக் கொடுத்திருந்த இன்னொரு மின்னஞ்சலும் போய்விட்டது. ஆண்டுக்கணக்கில் திறக்காததால் அந்த நிறுவனம் கணக்கை நீக்கிவிட்டது. பழைய போனை ரீசெட் செய்து வீட்டில் வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று. 'வேறு வழி' என்ற பொத்தானை அழுத்தினால் சுற்றிச் சுற்றி அதே பக்கம்தான். கடைசியில் 'இந்தக் கணக்கு உங்களுடையது என்று உறுதிப்படுத்த முடியவில்லை' என்று முடித்துவிடுகிறது.

வங்கிக் கணக்கு, வேலைக் கடிதங்கள், படங்கள் எல்லாம் இந்த ஒரே இடத்தில். பல தளங்களுக்குத் தனியாகக் கடவுச்சொல்லே வைத்ததில்லை, இந்தக் கணக்கை வைத்துத்தான் உள்ளே போவேன். பேசுவதற்கு ஒரு மனிதர்கூட அகப்படவில்லை. தேடினால் 'முன்பணம் கட்டினால் மீட்டுத் தருகிறோம்' என்று ஒரு தொலைபேசி எண் வருகிறது. கூப்பிடலாமா?

இரவுக்காக்கா:
கூப்பிடாதீர்கள். முன்பணமும் போகும், மிச்சமிருக்கும் விவரங்களும் போகும். கடவுச்சொல் உதவி தருவதாகச் சொல்லும் எந்த வெளிச் சேவையோடும் தாங்கள் சேர்ந்து வேலை செய்வதில்லை என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. மற்ற பெரிய நிறுவனங்களிலும் வெளியாள் உள்ளே புகுந்து கணக்கைத் திறந்து தரும் ஏற்பாடு கிடையாது. அவர்கள் கேட்கப்போவது உங்களுக்கு வரும் ஓடிபியைத்தான்.

கம்பிவலை:
முதலில் முயற்சி செய்வதை நிறுத்துங்கள். திரும்பத் திரும்பத் தட்டினால் 'யாரோ உள்ளே நுழையப் பார்க்கிறார்கள்' என்றுதான் அந்த இயந்திரம் எடுத்துக்கொள்ளும். சில சேவைகள் குறிப்பிட்ட நேரத்துக்கு முழுசாகவே பூட்டிவிடும்.

நிறுவனத்தின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, பரவாயில்லை, பொதுவாகவே சொல்கிறேன். கடவுச்சொல்லை மட்டும் வைத்து இப்போது யாரும் முடிவெடுப்பதில்லை. இதே கருவியில் முன்பு வந்திருக்கிறாரா, இதே பிரவுசரா, வழக்கமான இணைய இணைப்பா என்றெல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். புது போன், புது எண், ஒருவேளை மொபைல் டேட்டா: எல்லாமே புதிது என்றால் கதவு திறக்காது. ஆகவே அடுத்த முயற்சியை நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்திய பழைய கருவியில், வழக்கமான வைஃபையில், அதே பிரவுசரில் செய்யுங்கள்.

அதற்கு முன் சில கேள்விகள். லேப்டாப்போ டேப்லட்டோ எதிலாவது இந்தக் கணக்கு இன்னும் திறந்தபடி இருக்கிறதா? இருந்தால் லாக்அவுட் செய்யாதீர்கள், குக்கீகளை அழிக்காதீர்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டபோது அவசரக் குறியீடுகள் ஏதாவது இறக்கி வைத்தீர்களா? கூகுள் என்றால் எட்டு இலக்கத்தில் 10 குறியீடுகள் தரும்; ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். பலர் அதை இறக்கிவிட்டு மறந்திருப்பார்கள். 'பேக்கப்' என்ற சொல்லைப் போட்டுக் கணினியில் தேடிப் பாருங்கள், அச்சடித்த தாள்களையும் புரட்டுங்கள்.

பழையபூட்டு:
குறியீடு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. அதன் பிரவுசரில் லாக்அவுட் ஆகிவிட்டது. ஆனால் அதில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் போட்டு இதே கணக்கை இணைத்திருந்தேன், அவ்வப்போது திறப்பேன். புது போன் வாங்கிய பிறகு திறக்கவில்லை.

கம்பிவலை:
நல்ல சேதி! அவசரப்பட்டுத் திறந்துவிடாதீர்கள்.

தண்டர்பேர்டில் ஐமேப் கணக்கு இருந்தால், கடிதங்களின் நகலை இந்தக் கணினியிலேயே வைத்திருக்கும் அமைப்பு இயல்பாகவே போட்டிருக்கும். எனவே கடைசியாக அது இணைந்த நாள் வரைக்குமான கடிதங்கள் அந்த வன்தட்டில் இருக்கப் பெரிய வாய்ப்பு உண்டு. ஆனால் ஐமேப் என்பது சர்வரில் இருப்பதை அப்படியே பிரதிபலிக்கும் முறை. சர்வரில் ஏதாவது அழிந்திருந்தால், இணைந்தவுடன் இங்கேயும் அழித்துவிடும். அதனால் வரிசையாகச் செய்யுங்கள்:

லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள். தண்டர்பேர்டைத் திறக்காமலேயே அதன் புரொஃபைல் கோப்புறையை (கடிதங்களும் அமைப்புகளும் இருக்கும் இடம்) முழுசாக ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். அப்புறம் இணையம் இல்லாமலே திறந்து, முக்கியமான கோப்புறைகளை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற பகுதிக்கு நகலெடுங்கள். நகர்த்தக் கூடாது, நகல் மட்டும். அந்தப் பகுதிக்குள் போனதைச் சர்வர் தொட முடியாது.

இதெல்லாம் முடிந்த பிறகு வைஃபையைப் போட்டு, புதுக் கடிதம் வருகிறதா என்று பாருங்கள். இப்போது பல சேவைகளில் தண்டர்பேர்ட் உங்கள் கடவுச்சொல்லை வைத்துப் போவதில்லை, ஒரு தடவை வாங்கிய அனுமதிச் சீட்டை வைத்துத்தான் போகிறது. வலைத்தளம் உங்களை வெளியே நிறுத்தியிருந்தாலும் அந்தச் சீட்டு உயிரோடு இருக்கலாம். கூகுளில் ஆறு மாதம் பயன்படுத்தாமல் விட்டால் அது காலாவதியாகும்.

பழையபூட்டு:
கம்பிவலை அண்ணா, வருகிறது! நகலெடுத்து முடித்துவிட்டு வைஃபையைப் போட்டேன். இன்று காலை வந்த கடிதம் வரைக்கும் எல்லாம் இறங்கிவிட்டது. தண்டர்பேர்டுக்குள் எல்லாம் தெரிகிறது, வலைத்தளத்தில்தான் உள்ளே விடவில்லை. இப்போதே 'கடவுச்சொல் மறந்துவிட்டது' போட்டுப் புதுசாக மாற்றிவிடட்டுமா?

கம்பிவலை:
ஐயோ, வேண்டாம்! கடவுச்சொல் மாறினால் பல சேவைகளில் இந்த அனுமதிச் சீட்டு ரத்தாகும். கூகுளில் மின்னஞ்சலுக்கான சீட்டு கட்டாயம் ரத்தாகும். கடவுச்சொல்லை மாற்றிய கையோடு மறுபடி பழைய எண்ணுக்கே ஓடிபி கேட்டால், கையில் இருக்கும் இந்த ஒரே வழியும் அடைபடும்.

கணக்கை மீட்பது இப்போது இரண்டாம் வேலை. கடிதம் படிக்க முடிகிற வரைக்கும் மற்ற தளங்களின் கடவுச்சொல் மாற்றும் இணைப்பும் உங்களுக்கு வந்து சேரும் அல்லவா? அது நிற்பதற்குள் எல்லாவற்றையும் வேறு முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.

வேறு நிறுவனத்தில் புது மின்னஞ்சல் ஒன்று தொடங்குங்கள். முதலில் வங்கி, பணம் சம்பந்தப்பட்டவை. அடுத்து அரசுச் சேவைகள், கைபேசி நிறுவனம். அதற்கடுத்து கடவுச்சொல் மேலாளர், அதாவது கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் செயலி. சமூக வலைத்தளங்கள் எல்லாம் பிறகு. பல இடங்களில் முகவரியை மாற்றினால் பழைய முகவரிக்கும் ஒரு ஒப்புதல் இணைப்பு அனுப்புவார்கள். அதற்குத்தான் தண்டர்பேர்ட் தேவை, லேப்டாப்பை அப்படியே திறந்து வையுங்கள்.

எந்தெந்தத் தளங்களில் கணக்கு வைத்திருக்கிறோம் என்று நினைவுக்கு வராது. நகலெடுத்த கடிதங்களில் 'வெல்கம்', 'வெரிஃபை', 'ரசீது', 'இன்வாய்ஸ்' போன்ற சொற்களைத் தேடுங்கள், பட்டியல் தானாக வந்துவிடும்.

தனிக் கடவுச்சொல் இல்லாத தளங்கள்தான் தொல்லை. அவற்றில் பலவும் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று கேட்டால் அதே முகவரிக்கு இணைப்பு அனுப்பும், அப்படியே ஒரு கடவுச்சொல்லை உருவாக்கிக்கொள்ளலாம். சில தளங்கள் அதற்கு ஒத்துக்கொள்ளாது. அங்கே ஏதாவது பிரவுசரில் இன்னும் திறந்திருந்தால் அமைப்புகளுக்குள் போய் முகவரியை மாற்றுங்கள், இல்லையென்றால் அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள்.

இரவுக்காக்கா:
நீக்கப்பட்ட அந்த மாற்று முகவரியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பெயர் மறுபடி வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டால் சிக்கல். யாஹூ 2013-இல் ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத பெயர்களை எடுத்து, கேட்டவர்களுக்குக் கொடுத்தது. உங்கள் மாற்று முகவரி அப்படி யார் கைக்காவது போனால், மீட்புக் குறியீடு அவருக்குப் போகும். விட்டுவிட்ட கைபேசி எண்ணும் அதே கதைதான், கொஞ்ச காலம் கழித்து நிறுவனம் அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடும்.

கூகுள் 2023 டிசம்பரிலிருந்து இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்குகளை நீக்க ஆரம்பித்தது. ஆகவே மாற்று முகவரி என்று ஒன்றை வைத்தால் அவ்வப்போது திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொரு கூத்தும் நிறைய பார்த்திருக்கிறேன். முதல் முகவரிக்கு மாற்று இரண்டாவது, இரண்டாவதுக்கு மாற்று முதலாவது. இரண்டும் ஒரே நாளில் பூட்டிக்கொள்ளும்.

மூன்றாம்வரிசை:
இந்த அமளி முடிந்ததும் சொந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) ஒன்று வாங்குங்கள். உங்கள் முகவரியின் பின்பாதி ஒரு நிறுவனத்தின் பெயராக இருக்கும்வரை, அந்த நிறுவனம் நினைத்தால் முகவரியே இல்லை. லாவாபிட் என்ற மின்னஞ்சல் சேவை 2013 ஆகஸ்டில் திடீரென்று கடையைச் சாத்தியது. அதை நம்பியிருந்தவர்களின் முகவரிகள் அன்றே செயலற்றுப் போயின. சொந்த டொமைன் என்றால் எம்எக்ஸ் பதிவை (கடிதம் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) மாற்றினால் போதும், அதே முகவரிக்கு வரும் கடிதங்கள் வேறு நிறுவனத்துக்குப் போகும். நண்பர்களுக்கோ வங்கிக்கோ சொல்லக்கூடத் தேவையில்லை.

எதிர்க்காற்று:
மூன்றாம்வரிசை சொல்வதில் பாதிதான் சரி. மின்னஞ்சல் நிறுவனத்தை நம்பியது போய், டொமைன் விற்ற நிறுவனத்தை நம்ப வேண்டிவரும். அவ்வளவுதான் வித்தியாசம். அட்டை காலாவதியாகிப் புதுப்பிப்புப் பணம் போகாமல் நின்றால் என்ன ஆகும்? டாட் காம் போன்றவற்றில் சலுகைக் காலம், பிறகு 30 நாள் மீட்புக் காலம், பிறகு 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவருக்கு உங்கள் முகவரிக்கு வரும் எல்லாக் கடிதமும் போகும், வங்கியின் கடவுச்சொல் இணைப்பு உட்பட. பெரிய நிறுவனத்தில் கணக்கு பூட்டினால் யாருக்கும் கிடைக்காது. இங்கே அந்நியருக்குக் கிடைக்கும். எது மோசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

வீட்டிலேயே மெயில் சர்வர் வைக்கலாமே என்று அடுத்து யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கடிதம் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் அமைப்புகள் எல்லாம் சரியாகப் போட்டாலும் உங்கள் கடிதம் ஸ்பாமில் விழலாம்.

மூன்றாம்வரிசை:
ஒப்புக்கொள்கிறேன், அந்த ஆபத்து உண்மை. பத்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம், அதிகபட்சம் அவ்வளவுதான் அனுமதி. ஆனால் மறக்கவே கூடாத ஒன்று: டொமைன் நிறுவனத்தில் பதிவு செய்யும்போது அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலைக் கொடுக்கக் கூடாது. டொமைன் நின்றால் நினைவூட்டல் கடிதமும் வராது, கடவுச்சொல்லையும் மாற்ற முடியாது. சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய மாதிரி. அங்கே வேறு நிறுவனத்தின் முகவரிதான் வேண்டும்.

பழையபூட்டு:
எல்லோருக்கும் நன்றி. வங்கி, அரசுச் சேவைகள், கைபேசி எல்லாம் புது முகவரிக்கு மாற்றியாயிற்று. ஒரே ஒரு தளம் மட்டும் பழைய வழியாகத்தான் உள்ளே விடுவேன் என்று அடம்பிடிக்கிறது, அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். பழைய கணக்கை அந்த லேப்டாப் பிரவுசரில், வீட்டு வைஃபையில் மீட்கப் பார்த்தேன். இன்னும் 'உறுதிப்படுத்த முடியவில்லை'தான்.

டொமைன் பற்றி இப்போதைக்கு முடிவெடுக்கவில்லை, எதிர்க்காற்று நன்றாகப் பயமுறுத்திவிட்டார். ஒரு சந்தேகம்: நிறுவனங்கள் தரும் 'உங்கள் தரவை இறக்கிக்கொள்ளுங்கள்' வசதியைப் புதுக் கணக்கில் பயன்படுத்தினால் போதுமா? லோக்கல் ஃபோல்டர்ஸில் இருக்கும் பழைய கடிதங்களைப் புதுக் கணக்குக்குக் கொண்டுபோக முடியுமா?

கம்பிவலை:
இறக்கும் வசதி நல்லதுதான். கூகுளின் டேக்அவுட் 2011-லிருந்து இருக்கிறது; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஓராண்டு வரை தானாகவே நகல் தயாரிக்கச் சொல்லலாம். கடிதங்கள் எம்பாக்ஸ் கோப்பாக, அதாவது பல கடிதங்களைச் சேர்த்து வைக்கும் ஒரே கோப்பாக வரும். ஆனால் அந்த நகலை அதே நிறுவனத்தின் டிரைவில் போட்டுவைத்தால் கணக்கு பூட்டும்போது அதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளும். இறக்கி வெளி வன்தட்டில் வையுங்கள்.

பழைய கடிதங்களைக் கொண்டுபோகலாம். தண்டர்பேர்டில் புதுக் கணக்கையும் ஐமேப்பாகச் சேர்த்து, லோக்கல் ஃபோல்டர்ஸிலிருந்து அதன் கோப்புறைக்கு இழுத்துப் போட்டால் மேலே ஏறும். இங்கேயும் நகல்தான் எடுக்க வேண்டும். பெரிய கோப்புறையை ஒரேயடியாக இழுத்தால் பாதியில் நின்றுவிடலாம். ஆண்டுவாரியாகப் பிரித்து இழுங்கள், ஒவ்வொன்றும் முடிந்ததும் இரண்டு பக்கத்திலும் கடித எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்தப் பென்டிரைவைப் பிறகும் அழிக்க வேண்டாம்.

மீட்பு முயற்சியை விட்டுவிடாமல், சில நாள் இடைவெளி கொடுத்து அதே லேப்டாப்பில் மட்டும் செய்து பாருங்கள். கணக்கு தொடங்கிய மாதம், பழைய கடவுச்சொல் ஏதாவது நினைவிருந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சில சேவைகள் அதைக் கேட்கும். மீண்டும் உள்ளே போய்விட்டால் எதையும் பார்ப்பதற்கு முன் கைபேசி எண்ணை மாற்றுங்கள். பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டவுடன் சில சேவைகள் அதை முழுசாக நம்பாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பாதுகாப்பு விவரங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் 30 நாள் காத்திருக்க வைக்கும். அந்த இடைவெளியிலும் தண்டர்பேர்டை அழிக்காதீர்கள்.